வயிற்றுக்குள் ஒரு வம்சம்

நான் ஆராய்ச்சி செய்தது சாக்கடைத் தண்ணீரில். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். என்ன தலைப்பு என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். மனிதக் குடலில் வாழும் வைரஸ்கள் என்றேன்.

"வயித்துக்குள்ள நீ போக முடியாதும்மா. வெளிய வர்றதைத்தான் பிடிக்கணும். பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

வைரஸ் என்றதும் காய்ச்சல், கழிச்சல் என்று பயப்பட வேண்டாம். நான் தேடியவை மனிதர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதவை. நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தாம் அவற்றுக்கு இரை. பாக்டீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி வைத்தால் பாலாடை மாதிரி ஒரு படலம் வளரும். அதன்மேல் வடிகட்டிய கழிவுநீரை ஒரு சொட்டு விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால், ஆடையில் வட்ட வட்டமாக ஓட்டைகள் இருக்கும். அவை வைரஸ் தின்ற இடங்கள். முதன்முதலில் அந்த ஓட்டைகளைப் பார்த்த அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவ்வளவு சந்தோஷம்.

மாதிரிக்காக மாமல்லபுரத்துக்குப் போவேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் லாரிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கமாகியிருந்தார். குழாயிலிருந்து பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னாம்மா, படிச்ச பொம்பளயா கீற. இத்தப் போயி பாட்டில்ல புட்ச்சிகினு போறியே?"

"இதுலயும் படிக்கிறதுக்கு விஷயம் இருக்குண்ணே."

"அப்ப நல்லாப் படி. எங்களாண்ட நெறய கீது."

படித்தேன். வைரஸின் மரபுப்பொருளை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, ஜெல் எனப்படும் கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், சிறிதும் பெரிதுமாகப் பட்டைகள் வரிசையாக நிற்கும். பட்டைகள் ஒத்துப்போனால் சொந்தம் என்று அர்த்தம். விடுதித் தொட்டியில் கிடைத்த வைரஸ் ஒன்றும், படாளத்தில் நடவு வேலை செய்யும் குடும்பங்களிடம் வாங்கிய மாதிரியில் கிடைத்த ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே ஜாடையில் இருந்தன. ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்க்காதவர்களின் வயிறுகளில் அண்ணன் தம்பிகள்! அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. யார் யாருக்குக் கொடுத்தது? பழைய காலத்தில் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கிய மாலுமிகள் சரக்கோடு சேர்த்து இதையும் இறக்கினார்களா? அல்லது மனிதர்கள் பிரிந்து பிரிந்து உலகெங்கும் நடந்துபோனபோதே வயிற்றில் கூடவே போய்விட்டதா? பேராசிரியரிடம் கேட்டால், "தெரியாதும்மா. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எனக்கும் சொல்லு" என்பார்.

இதற்கிடையில்தான் மகள் வந்தாள். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. காத்திருந்து காத்திருந்து, அப்போதுதான் உட்காரப் பழகிய ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். அந்த வருஷ நவராத்திரிக்கு வெற்றிலைபாக்கு வாங்கிக்கொள்ள வந்த குடியிருப்புப் பெண்மணி ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். கொஞ்சிவிட்டு என்னிடம் சொன்னாள்.

"நல்லாத்தான் வளக்கறீங்க. இருந்தாலும் நம்ம வயித்துல பொறந்த மாதிரி வருமா? உங்களோடதுன்னு சொல்ல அதுகிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க."

எனக்கு வாய் நீளம் என்று பெயர். அன்றோ சுண்டலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்தியபிறகு ஆத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் போய்விட்டாள், கேள்வி போகவில்லை.

ஒருநாள், தெரிந்துகொண்டால்தான் என்ன என்று தோன்றியது. என் குடலிலிருந்து பிரித்த பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, அதன்மேல் மகளின் மாதிரியை விட்டேன். என் மாதிரியில் முன்பே கண்டுபிடித்திருந்த வைரஸ் அவளிடமும் இருந்தால் ஓட்டை விழ வேண்டும். விழவில்லை. இன்னொரு முறை செய்தேன். படலம் அப்படியே முழுசாக இருந்தது.

காரணம் எனக்கே தெரியும். மற்ற வீடுகளில் குழந்தையைப் பத்துப் பேர் முத்தம் கொடுத்து, எச்சில் பண்ணி வளர்ப்பார்கள். நான் நுண்ணுயிரியல் படித்தவள் ஆயிற்றே! கிண்ணத்தையும் ஸ்பூனையும் கொதிக்கவைத்து, கையை டெட்டால் போட்டுக் கழுவி, ஸ்பூனில் தவிர வேறு எதிலும் ஊட்டியதில்லை. யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது, நான் உட்பட. "இது வீடா, உன் லேபா?" என்று கணவர் கேலி செய்வார். என்னிடமிருந்து அவளுக்கு எதுவும் போகமுடியாதபடி எல்லா வழியையும் நானே அடைத்து வைத்திருந்தேன். அந்தப் பெண்மணியின் கேள்விக்கு என் தட்டே பதில் சொல்லிவிட்டது போல் இருந்தது. மனசு விட்டுப்போயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்புசாதத்தில் நெய் விட்டுக் கையாலேயே குழையப் பிசைந்தேன். வாயில் வைத்துச் சூடு பார்த்து, விரலால் ஊட்டினேன். முதல் கவளத்தோடு சேர்த்து என் விரலையும் கடித்தாள். கணவர் ஸ்பூன் எங்கே என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். சில மாதங்களில் அவளும் எனக்கு ஊட்டக் கற்றுக்கொண்டாள். தான் மென்று முடிக்காத இட்லியை வாயிலிருந்து எடுத்து என் வாயில் திணிப்பாள். வேண்டாம் என்றால் ஊரைக் கூட்டிவிடுவாள். விழுங்கித் தொலைப்பேன்.

அவள் நடக்கத் தொடங்கிய பிறகு மறுபடி தட்டு வைத்தேன். ஓட்டைகள்! கூழ்ப் பலகையில் ஓட்டிப் பார்த்தால், என் பட்டைகளும் அவள் பட்டைகளும் ஒன்றுபோல இருந்தன. ஒரே ஒரு பட்டை மட்டும் அவளிடம் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் காட்டினேன்.

"உன் கை பட்டிருக்கும்மா. உன்னோடதே அதுல கலந்திருக்கும்" என்றார்.

அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான். ஆனாலும் சண்டை போடாத குறையாக வாதாடினேன். கடைசியில் உடன் ஆராய்ச்சி செய்த பெண் ஒருத்தி, என்னைக் கிட்டவே சேர்க்காமல், எது யாருடையது என்று தெரியாதபடி குப்பிகளை வாங்கிச் செய்து பார்த்தாள். நான் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் செய்ததிலும் அதே பட்டைகள் வந்தன. இறங்கி நின்ற அந்த ஒன்று உட்பட.

பேராசிரியர் இம்முறை வெகுநேரம் பார்த்தார். "கை பட்ட தப்பு இல்லம்மா. உங்கிட்டருந்து போனதுதான். அங்க போய்க் கொஞ்சம் மாறியிருக்கு. இடம் மாறினா எல்லாமே மாறத்தானே செய்யும்" என்றார். பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆய்வேட்டை முடிக்கும் நேரத்தில், எல்லாரிடமும் கடைசியாக ஒருமுறை புது மாதிரி வாங்கச் சொன்னார் பேராசிரியர். என்னுடையதையும் கொடுத்தேன். அதையும் உடன் ஆராய்ச்சி செய்த அந்தப் பெண்ணே ஓட்டினாள். என் பழைய படத்தையும் புதுப் படத்தையும் மேசையில் அருகருகே வைத்து, விரலால் ஓரிடத்தைக் காட்டினாள். புதுப் படத்தில் ஒரு பட்டை, மகளுடையதில் நின்ற அதே இடத்துக்குக் கீழே இறங்கி நின்றது.

"குப்பி மாறிப்போச்சா?" என்றேன்.

"இல்லக்கா. உங்களோடதுதான். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன்னோட பழைய வைரஸைக் காணோம்மா. இது உன் பொண்ணுகிட்ட உருவானது. உனக்கு வந்திருக்கு" என்றார்.

என்னிடமிருந்து அவளுக்கு என்ன போனது என்று மட்டுமே இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து எனக்கு வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அத்தனை பேருக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். என் மகளின் வயிற்றில் பிறந்த ஒன்று, என் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது.