எதிர்வீட்டில் எங்கள் வால்வு

மொபைல் கடையில் ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறினால், ஊமையாகிப்போன எங்கள் ரேடியோவைச் சேலையில் பொதிந்து பாறசாலை ரேடியோ ரிப்பேர் கடைக்கு இடுப்பில் சுமந்து நடந்த அம்மாவின் வியர்வையும் கூடவே வந்துவிடுகிறது.

"இதுக்க டிரான்ஸ்பார்மர் எரிஞ்சாச்சு அக்கா. அண்ணன் கல்ஃபிலேருந்து புதுசு கொண்டு வருவாருல்லா" என்று கடைக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து அவர் கழற்றிய கண்ணாடி வால்வுகள், ரிப்பேருக்கு வந்த எதிர்வீட்டு ரேடியோவுக்குப் போயின.

பிறகு சாயங்காலந்தோறும் எதிர்வீட்டில் சுவிட்ச் திருகும் சத்தம் கேட்டால், அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டு, வால்வு சூடாகி, கரகரத்து, மெல்லப் பாட்டு எழும்பும்வரை அசையாமல் இருப்பாள். "நம்ம வால்வாக்கும் மக்கா" என்பாள், களைத்த குரலில்.

கல்ஃபிலிருந்து லீவுக்கு வருவதாகச் சொன்ன அப்பாவுக்குப் பதிலாக, தொட்டதும் பாடும் டேப்ரிக்கார்டர்தான் யாரோ கையில் வந்தது. அதன்மேல் போர்த்திய துணியை அம்மா எடுக்கவே இல்லை.