பழைய பள்ளிக்கூடம் காலியாக இருந்த ஆண்டுகள்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்துகொண்டு, ஜெர்மனியில் நான் மூன்று வருடங்கள் இருந்த ஒரு சின்னக் கிராமத்தின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்ப்பேன். பெரிதாக ஒன்றும் வராது. குப்பை எடுக்கும் நாட்கள், தீயணைப்புப் படையின் கோடை விருந்து, ஒரு மரண அறிவித்தல், இவ்வளவுதான். போன வசந்தத்தில் கிராமத்தின் வரலாறே வந்திருந்தது. புத்தகமாக அச்சிடப் போகிறார்களாம். அதற்கு முன் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள் என்று முழுவதையும் இணையத்தில் போட்டிருந்தார்கள்.

நிலமெல்லாம் ஒரு மடத்துக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் தொடங்கியிருந்தார்கள். எத்தனை தரம் ஊர் எரிந்தது, போருக்காகத் தேவாலய மணியை யார் கழற்றிக்கொண்டு போனது, கிராமசபையில் யார் யார் இருந்தது, கடைசியில் சபையைக் கலைத்துப் பக்கத்துச் சிறுநகரத்தோடு எப்படிச் சேர்த்தார்கள் என்பது வரை எல்லாம் இருந்தது. பால் சேகரிக்கும் கொட்டகைக்கே இரண்டு பக்கம். நான் என் ஆண்டுகளைத் தேடினேன். பிள்ளைகள் குறைந்ததால் பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்றும், கட்டடம் சில ஆண்டுகள் காலியாக இருந்து, பின்னர் தீயணைப்புப் படைக்குக் கொடுக்கப்பட்டது என்றும் ஒரு வரி இருந்தது.

அந்தச் சில ஆண்டுகளில் அதற்குள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாகப் போன எங்களை மாவட்ட அலுவலகம் அங்கே கொண்டுபோய் விட்டது. வகுப்பறையில் ஆறு கட்டில்கள். மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கிராமத் தலைவர் பன்றி வளர்ப்பவர். சம்பளமில்லாத பதவி அது. முதல் குளிர்காலத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தானே தூக்கிக்கொண்டு வந்து தந்தார். பனி கொட்டினால் தெருவை வழிக்க எங்களைக் கூப்பிடுவார், கூடநின்று தானும் வழிப்பார். அவருக்கு எங்களைப் பிடித்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குக் கசப்பதும் அதுதான்.

சபை மதுச்சாலையின் பின்னறையில் கூடும். யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். ஒருநாள் எங்கள் விஷயம் வருகிறது என்று கேள்விப்பட்டு, எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவரும், அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், நானும் போனோம். பள்ளிக்கூடத்தின் புகைபோக்கி, கழிவுநீர்க் குழாய், தீயணைப்பு வண்டி நுழையக் கதவை எவ்வளவு அகலப்படுத்தலாம் என்றெல்லாம் பேசினார்கள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும், ஆறு பேரும் பின்னேரத்தில் ஒன்றாக நடந்து போவது பெண்களுக்குப் பயமாக இருக்கிறது என்றார். பிறகு, இவர்களை வேறெங்காவது மாற்றும்படி மாவட்டத்துக்கு எழுதலாமா என்று வாக்கெடுப்பு. எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைவரின் கை கொஞ்சம் பிந்தி உயர்ந்தது. அடுத்ததாக இடுகாட்டு வேலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வெளியே வரும்போது தலைவர் என் தோளில் தட்டி, "இது உங்களுக்கு எதிரானது இல்லை" என்றார்.

மாற்றும் வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அண்ணையும் நானும் லண்டனுக்கு வந்து சேர்ந்தோம்.

கணினியில் அந்த ஒரு வரியைப் படித்ததும், மறந்துகொண்டிருந்த ஜெர்மன் மொழியில், என் பெயரோடு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கட்டடம் காலியாக இருக்கவில்லை, நாங்கள் இருந்தோம், சபை எங்களைப் பற்றி வாக்களித்தது, எழுதுங்கள் என்று. வரலாற்றைத் தொகுத்தவர் இரண்டு நாளில் பதில் போட்டார். நல்ல மனிதர். சிறுவயதில் சில வெளிநாட்டவரைக் கண்டதாக அவருக்கும் மங்கலான ஞாபகம். ஆனால் ஊரைச் சிறுநகரத்தோடு சேர்த்தபோது பழைய கோப்புகளில் பாதியை வீசிவிட்டார்களாம். முத்திரை குத்திய ஒரு கடிதம், ஒரு படம், ஏதாவது இருந்தால் கட்டாயம் ஒரு பத்தி சேர்ப்போம் என்று எழுதியிருந்தார்.

என்னிடம் ஒன்றும் இல்லை. ஜெர்மன் காகிதங்கள் எல்லாவற்றையும் இங்கே வரும் கப்பலின் கழிப்பறையில் நானே கிழித்துப் போட்டேன். ஜெர்மனியில் இருந்தோம் என்று சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். ஊரிலிருந்து நேராக வந்தேன் என்று இங்கே அதிகாரியிடம் சொன்னேன். மூன்று வருடங்களையும் யாழ்ப்பாணத்தில் கழித்ததாகக் கதை கட்டினேன்.

அண்ணையிடம் ஒரு படம் இருப்பது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் பனி வழிக்கும் மண்வெட்டிகளோடு நாங்கள் இருவரும், நடுவில் தலைவர். மனோர் பார்க்கில் அவருடைய வீட்டுக்குப் போனேன். கோயிலால் வந்து திருநீற்றோடு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார்.

"ஒரு பத்திதானே அண்ணை. நாங்கள் இருந்த இடம்."

"எங்களைக் கலைச்ச இடம்."

"அதையும் எழுதட்டுமன்."

"படம் என்னட்டை இருக்கு. தரமாட்டன்." குரலைத் தாழ்த்தினார். மேலே மகன் இருந்தான். "பிள்ளையளுக்கு நான் நேரா லண்டனுக்கு வந்தனான் எண்டுதான் தெரியும். உன்ரை பேரோட அது புத்தகத்தில வந்தா, நாளைக்கு ஆரும் கிண்டினா, பாஸ்போர்ட்டைப் பறிப்பாங்கள். எனக்குப் பேரப்பிள்ளையள் இருக்கினம்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆர் கிண்டப் போகினம்?"

"அப்ப நீ ஏன் உன்ரை பிள்ளையளுக்கு இன்னும் சொல்லேல்லை?"

நான் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வரும்போது ரயிலில் என்னைப் பயம் பிடித்தது. அந்த மின்னஞ்சலில் என் முழுப் பெயர் இருக்கிறது, ஆண்டுகள் இருக்கின்றன. எனக்குச் செய்த அநியாயத்தை எழுதச் சொல்லி, என் பொய்யையும் நானே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தேன். வாக்கெடுத்தவர்கள் பெரும்பாலும் செத்திருப்பார்கள். பயப்பட மிஞ்சியிருப்பவன் நான்தான். அன்று எங்களுக்கு எதிராக உயர்ந்த கைகளைவிட, இந்த எண்ணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் எழுதினேன்: "மன்னிக்க வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது. உங்கள் கிராமத்தை வேறொரு கிராமத்தோடு குழப்பிக்கொண்டேன். தயவுசெய்து முந்தைய கடிதத்தை அழித்துவிடுங்கள்."

அன்று மத்தியானமே பதில் வந்தது. இப்படிப்பட்ட குழப்பம் எவருக்கும் வரலாம், கவலைப்பட வேண்டாம், கடிதத்தை அழித்தாகிவிட்டது, இனிப் புத்தகம் அச்சுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தார். தங்கள் கிராமத்தில் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு ஒரு பிரதி அனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தார். அதற்கு நான் பதில் போடவில்லை.