லொரெய்னின் மௌன நடை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வானுயர்ந்த ரெட்வுட் மரக் காட்டுக்குப் பகல் பயணம் ஓட்டும் எங்கள் கம்பெனியில் லொரெய்ன் சில்வெய்ராவுக்குத்தான் மவுசு. நகரத்துப் பெரிய பாலத்துக்கு வடக்கே மாடு வைத்துப் பால் கறந்த போர்ச்சுகீசியக் குடும்பத்துப் பெண். வாய் நீளம், கை அதைவிட நீளம். என் டிபன் பெட்டியைத் திறந்து, பொரித்த வாழைப்பழத்தைக் கேட்காமலே எடுத்துத் தின்பாள். நான் வில்மர், எல் சால்வடார்க்காரன். கூட்டமான நாட்களில் அவள் வேன் முன்னால் போகும், என் வேன் பின்னால்.

அவள் பெருமையெல்லாம் மௌன நடைதான். காட்டு வாசலில் கூட்டத்தை நிறுத்தி, மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பாள். பிறகு உதட்டில் விரல் வைப்பாள். அங்கிருந்து ஓடைப் பாலம் வரை யாரும் பேசக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது. திரும்பியே பார்க்காமல் முன்னால் நடப்பாள். ஊர் திரும்பியவர்கள், அந்த அமைதியில் அழுதுவிட்டேன் என்று இணையத்தில் எழுதுவார்கள். முதலாளி ப்ரூஸ் அதை விளம்பரத்திலேயே போட்டுவிட்டான்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு பெரியவரால். மனிதர் அவசரமாக வந்து, லொரெய்னின் முதுகுக்குப் பின்னால் நின்று, கழிப்பறை எங்கே என்று கேட்டார். ஆள் நிற்பதை உணர்ந்து அவள் திரும்பினாள், அழகாகச் சிரித்தாள், மர உச்சியைக் காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பாவம், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று மதியம் அவளை மடக்கிக் கேட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு ஒத்துக்கொண்டாள். காது போய்க்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். காட்டில், நாலாபக்கமும் ஆட்கள் நிற்கும்போது, அது நடக்காது. மௌன நடை பிறந்த கதை இவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்காவிட்டால் காது எதற்கு?

காதுக்குக் கருவி மாட்டிக்கொள்ளேன் என்றேன். பயணிகள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மருத்துவச் சோதனை உண்டு. கருவியோடு கேட்டாலும் அதில் தேறிவிடலாம். அது அவளுக்கும் தெரியும்.

"அதைப் பாத்தா ப்ரூஸ் என்னைக் கிழவின்னு முடிவு பண்ணி டிக்கெட் கவுண்டர்ல உக்கார வெச்சிடுவான்டா. அந்தக் காட்டை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

போன தடவை சோதனையில் எப்படியோ தப்பித்திருந்தாள்.

மூடுபனி இறங்கிய ஒரு காலை. வண்டி நிறுத்துமிடத்தில் அவள் வேனைப் பின்னால் எடுத்தாள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்தாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். வேன் நிற்கவில்லை. ஓடிப்போய் அதன் பக்கவாட்டில் ஓங்கி அறைந்த பிறகுதான், அதிர்வில் பிரேக்கை மிதித்தாள். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. அவள் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

"ஒண்ணு நீ காதுல மாட்டு. இல்ல, நானே போய் ப்ரூஸ்கிட்ட சொல்றேன்."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். என் வாழைப்பழத்தையும் தொடவில்லை. எனக்கும் ரோஷம், நானாகப் போய்ப் பேசவில்லை. ஆனால் மூடிய டிபன் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருந்தது.

வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு காதிலும் கருவி, ஊரே பார்க்கட்டும் என்பதுபோல. சோதனையில் தேறிய தாளை ப்ரூஸின் மேஜையில் வைத்தாளாம். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எப்போதும்போல வேன் சாவியை அவளிடம் தூக்கிப் போட்டானாம். இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்றும் காட்டு வாசலில் உதட்டில் விரல் வைத்தாள். விளம்பரத்தில் இருக்கிறதே, விட முடியுமா? பாதித் தூரம் போனதும் சட்டென்று நின்றுவிட்டாள். உச்சி இலைகளிலிருந்து பனி சொட்டுவதைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அதில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கூட்டம் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தது. ஒருத்தி மதியச் சாப்பாட்டைப் பற்றி, ஒருவர் கடிக்கிற ஷூவைப் பற்றி. இரண்டு பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை.

"எப்பவுமே இப்படித்தானா?" என்றாள், பக்கத்தில் போன என்னிடம்.

"எப்பவுமே. அழுதேன்னு எழுதினவங்களும் சேத்துத்தான்."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீ அவ்வளவு நிம்மதியா முன்னால நடந்து போவே. எப்படிச் சொல்றது?"

அவள் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்த அமைதி அவள் ஒருத்திக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. யாரைத் திட்டப் போகிறாளோ என்று பார்த்தேன்.

அப்போது கடைசியில் வந்த ஒரு அம்மாள் தன் மகளிடம் தாழ்ந்த குரலில், "பாத்ரூம் எங்கன்னு கேக்கணும். பேசக் கூடாதுன்னுட்டாங்களே" என்றாள்.

லொரெய்னுக்கு அது கேட்டது.

"வந்த வழியே திரும்பிப் போங்கம்மா. வாசல் பக்கத்துல, கடைக்குப் பின்னாடி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்கு வழி சொன்னதற்கு ஏன் அழுகிறாள் என்று புரியாமல் அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் யாருக்கு என்ன வேணும்? கேளுங்க" என்றாள் லொரெய்ன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். பாலம் வரை பதில் சொல்லிக்கொண்டே போனாள்.

மதியம் என் டிபன் பெட்டியைத் திறந்தேன். வாழைப்பழம் ஒரு துண்டுகூட இல்லை.