படத்தில் மட்டும் இருந்த அலை

என் தங்கை சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளை இணையதளம் வழியாக விற்கிறாள். சென்ற ஆண்டு கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது கோபக் குரல்.

“நான் கேட்டது அலை போட்ட சேலை. நீங்க கட்டம் போட்டதை அனுப்பியிருக்கிய. இது ஏமாத்து வேலை இல்லையா?”

போனை வைத்துவிட்டுத் தங்கை என்னைப் பார்த்தாள். “ஏக்கா, நம்மகிட்ட அலைச் சேலையே கிடையாதே. எந்தக் கடலக் கேக்கா இவ?”

வேடிக்கையாகச் சொன்னாளே தவிர, பயந்துதான் போயிருந்தாள். கடை தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஏமாற்றுகிறார்கள் என்று அந்தப் பெண் தளத்தில் ஒரு வரி எழுதினால், அப்புறம் யார் வாங்குவார்கள்?

தளத்தைத் திறந்து பார்த்தேன். சேலை பொடிக்கட்டம். படத்திலோ முந்தானை முழுக்க அலை வளைவு வளைவாக ஓடியது. எனக்கு அது புதிதல்ல. நாளிதழில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்த காலத்தில், கட்டம் போட்ட சட்டைக்காரர் படம் வந்தாலே பயப்படுவோம். படத்தைச் சுருக்கினால் நெருக்கமான கோடுகளுக்கு இடம் போதாது. சில விடுபட்டுவிடும், மிஞ்சியவை சேர்ந்து சட்டையில் இல்லாத வளைவுகளைக் காட்டும். சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகத் தளமும் படத்தைச் சுருக்கியிருந்தது.

“நீ எடுத்த பெரிய படத்த அப்படியே அனுப்புட்டி. விரலால விரிச்சுப் பாக்கச் சொல்லு” என்றேன்.

அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அதே பெண் அழைத்தார்.

“விரிக்க விரிக்க அலை ஓடிப்போய்க் கட்டம் வருது! சுருக்கினா மறுபடி அலை. எங்க மாமியா கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சுப் பாக்காவ.”

“அப்போ சேலைய வச்சுக்கிடுதியளாக்கா?”

“கட்டம் எங்கிட்ட நாலு கிடக்கு. திருப்பித்தான் அனுப்புவேன்.”

தங்கை சரி என்றாள்.

மறுநாள் தளத்தில் அந்தச் சேலைக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: “இது பொடிக்கட்டம். படம் சின்னதாக இருப்பதால் அலை மாதிரி தெரிகிறது. அலை வேண்டும் என்பவர்கள் வாங்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை.” கூடவே, ஜன்னலோரம் சேலையை விரலில் பிடித்து, மிக நெருக்கத்தில் எடுத்த படம். நூல் நூலாகத் தெரிந்தது.

பத்திரிகையில் எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் புகார் வந்த பிறகு, மனமில்லாமல். புகார் சொன்னவரே நமக்காக ஒரு திருத்தம் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் படத்தையே முதல் படமாக வைக்கலாமா என்று தங்கை அவருக்கே போன் செய்து கேட்டாள்.

“வச்சுக்கிடுங்க. நகப்பாலிஷ் உரிஞ்சு கிடக்கு, அத மட்டும் வெட்டிருங்க.”

நான் வெட்டிக்கொடுத்தேன். நன்றி சொல்ல அவருக்கு மறுபடி போன் போட்ட தங்கை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.