அன்னாசி விழுந்த கோழிச்சோறு

ஓர் அன்னாசிப் பழத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிலம் அதிராமல் நடந்து வந்து மேசையில் வைத்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், அது அவருடைய பழக்கதோஷம். நாங்கள் மிதிவெடி அகற்றுகிறவர்களாக இருந்தோம். எதைத் தூக்கினாலும் அப்படித்தான் தூக்குவோம், தேத்தண்ணிக் கோப்பையைக்கூட. அவரை நாங்கள் பன்னிரண்டு பேரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் லீடர் அவர்தான்.

இப்போது மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து பசி பசியென்று கத்துகிற நாட்களில், அரை மணித்தியாலத்தில் ஒரு கோழிச்சோறு செய்து கொடுப்பேன். கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, வெங்காயம், உள்ளி, இடித்த செத்தல் மிளகாயோடு தாச்சியில் வதக்கி, சோயா சோஸ் ஊற்றி, அன்னாசித் துண்டுகளைச் சாற்றோடு கொட்டி, ஒரு கரண்டி சீனி போட்டுச் சுண்டவிட வேண்டும். குழிவான கோப்பையில் சோற்றைப் போட்டு மேலே இதை ஊற்றினால் வேலை முடிந்தது. மாம்பழக் காலமென்றால் அதிலும் நாலு துண்டு. மீனும் சொதியுமாக வளர்ந்த என் புருஷன் முதல் நாள் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, கறியோ, பழப் புடிங்கோ?" என்று கேட்டார். இன்றைக்குத் தாச்சியின் அடியைச் சுரண்டுவதில் முதல் ஆள் அவர்தான். எங்கே படித்தாய் என்று கேட்கிறவர்களுக்கு, சமைக்கவே தெரியாத ஒருவரிடம் என்று சொல்வேன். நம்பமாட்டார்கள்.

போர் முடிந்து சனங்கள் பெருநிலப்பரப்பில் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. கூரைக்குத் தறப்பாளும் தகரமும் கொடுத்து ஆட்களை இறக்கிவிட்டார்கள். ஆனால் வயல்கள் மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகைக்கு அந்தப்பக்கம் கிடந்தன. மாந்தைப் பக்கத்தில் ஒரு குளத்துக்குக் கீழே எங்கள் காம்ப். ஆளுக்கொரு மீற்றர் அகலத்தில் பாதை பிரித்து வைத்திருப்பார்கள், அதை லேன் என்போம். ஒரு லேனில் ஒரே ஒருவர்தான் இறங்கலாம், மற்றவர் எட்டி நிற்க வேண்டும். கவச அங்கி, முகத்தை மூடும் கண்ணாடி, முழங்காலில் இருப்பு, உச்சியில் மன்னார் வெயில். நாங்கள் அலுத்துப்போய்ப் புறுபுறுத்தாலும் அக்கா ஒரு சொல் பேசமாட்டார். காலையில் எந்த நிதானத்தில் மண்ணைச் சுரண்டினாரோ, மதியம் வேர்வை குடமாக ஊற்றும்போதும் அதே நிதானம். அவர் பார்த்து முடித்த மண்ணில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். அப்படியொரு நம்பிக்கையை நான் பிறகு எந்த மனிதர்மேலும் வைத்ததில்லை.

அந்த அக்காவிடம் ஒரு பெரிய பொய் இருந்தது. அவருடைய புருஷன் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் விறகு எடுக்கப் போய், மிதிவெடியில் அகப்பட்டு இறந்தவர். புருஷனின் தாயோடும் தன் ஒரே மகளோடும் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று வீட்டில் வாய் திறந்த அன்று மாமி சொன்னாராம்: "அந்த மண் என்ர பிள்ளையைத் திண்டிட்டுது. நீயும் அதுக்குள்ள இறங்கிறதெண்டால் பேத்தியை என்னட்டை விட்டிட்டுப் போ. பிறகு இந்த வாசலை மிதிக்காதை." அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. மகளை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஆகவே, காம்ப்பில் வெங்காயம் உரிக்கிற வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாதங்கள் போகப்போக, வருகிற சம்பளத்துக்கு வெங்காயம் போதாமல் போகவே, தன்னைத் தானே பெரிய சமையல்காரியாகப் பதவி உயர்த்திக்கொண்டார். உண்மையில் அக்காவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. வீட்டு அடுப்படி முழுக்க மாமியின் ஆட்சி.

ஒன்றரை வருடம் அந்தப் பொய் ஓடியது. பிறகு ஆவணி விடுமுறையில், ஒரு வியாழக்கிழமை காலை பத்துமணி இடைவேளையில், அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தவர் அப்படியே குந்திவிட்டார். "மாமி பஸ் ஏறிட்டாவாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறாவாம். வயல் எப்ப விடுவினமெண்டு கேக்கவேணுமாம், என்ர சமையலையும் பார்க்கவேணுமாம்." நாங்கள் அப்போது சுத்தம் செய்து முடித்திருந்த நிலத்தில் அவர்களுடைய மூன்று ஏக்கரும் அடக்கம். மனம் குழம்பினவர் லேனில் இறங்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். மேற்பார்வையாளர் அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அன்றைய வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் மணிக்கட்டுச் சுளுக்கி, ஒரு கிழமையாக அடுப்படியில்தான் நின்றேன். காம்ப் சமையல்காரர், இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு ஐயா, ஏதோ பத்திர அலுவலாக விடியவே சோற்றை மட்டும் வடித்து வைத்துவிட்டு மன்னார்க் கச்சேரி அலுவலகத்துக்குப் போயிருந்தார். கறி என் பொறுப்பு. நானோ மீன்காரி. கோழியை எனக்கு உயிரோடு துரத்தத்தான் தெரியும்.

அக்கா உள்ளே வந்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, "எவ்வளவு நேரம் இருக்கு?" என்றார். "நாப்பது நிமிசம் அக்கா." "என்னென்ன இருக்கு?" நான் எடுத்துக் கொடுக்க, எல்லாவற்றையும் மேசையில் இடமிருந்து வலமாக ஒழுங்காக அடுக்கினார். பெரிய துண்டு வேகாது என்று கோழியைச் சின்னதாக வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு! நான் பொறுக்கமாட்டாமல், "அக்கா, இது கோழி. வெடிக்காது, கெதியா வெட்டுங்கோ" என்றேன். அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கெதியெண்டால் நீ வெட்டு" என்றார். என் கையில் கட்டு.

தாச்சியில் கோழி வதங்கி, சோயா சோஸும் விழுந்து, நல்ல மணம் வந்தது. எடுத்து வாயில் வைத்தேன். ஐயோ! எங்கள் ஊர்க் கடல் முழுவதும் அந்தத் தாச்சிக்குள் இருந்தது. "நீங்களும் உப்புப் போட்டனீங்களோ?" "நீயும் போட்டனியோ?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு லேனில் இருவர் இறங்கிவிட்டோம். போதாதற்குச் சோஸிலும் உப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. தாச்சியை இறக்கினார், இரண்டு அடி பின்னால் போய் நின்று அதைப் பார்த்தார். சந்தேகமான மண்ணை அவர் பார்க்கிற பார்வை அது. பிறகுதான் அலமாரிக்குப் போய், மறுநாள் வரவிருந்த மேலதிகாரிகளுக்கென்று ஐயா வாங்கி வைத்திருந்த அன்னாசியை ஏந்திக்கொண்டு வந்தார்.

"கோழிக்கறிக்குள்ள பழமோ அக்கா? ஆரும் கேட்டால் சிரிப்பினம்." "சிரிக்கட்டும். உப்புக்கு எதிர் இனிப்புத்தானே." வெட்டிப் போட்டார். சாற்றையும் ஊற்றினார், சீனி போட்டார். இனிப்புக் கூடிவிட்டது. செத்தல் மிளகாய் போட்டார். உறைப்புத் தலைக்கேறியது, தேசிக்காய் பிழிந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருள், கொஞ்சமாக, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அவசரம் என்பது அந்தக் கைகளுக்குத் தெரியவே தெரியாது. வெளியே பஸ் கோன் அடித்தபோது, கோழித்துண்டுகள் பளபளவென்று பாகு பூசினதுபோல் கிடந்தன. நான் ஒரு துண்டைத் தின்றுவிட்டு அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவ்வளவு ருசி. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கு நான் செய்வது அதில் பாதிகூட இல்லை.

மாமி ஒல்லியான, விறைப்பான மனுசி. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், மருமகளின் சமையலுக்கு உதவுமாம். சாப்பிட வந்த பெண்களுக்கு நான் முன்பே கண்ணைக் காட்டிவிட்டேன். எல்லோரும் நல்ல பிள்ளைகளாக வரிசையில் கோப்பையோடு வந்தார்கள். மாமி தன் கோப்பைக்குள் அன்னாசித் துண்டைக் கண்டு, "கோழிக்குள்ள பழம் போட்டவளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். ஒரு வாய் வைத்தார். அடுத்த வாயைப் பெரிதாக எடுத்தார். அக்காவின் மகள் இரண்டாம் முறை கோப்பையை நீட்டினாள். மாமி கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டில ஒரு நாள் இப்பிடி வைச்சுத் தந்தனியோ? சம்பளம் தந்தால்தான் உன்ர கை மணக்குமோ?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தப்பிவிட்டோம் என்ற சிரிப்பு அது. அக்காவும் சிரித்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமி எழுந்து கை கழுவினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அடுப்படிக்குள் போய், சுத்தமான கோப்பை ஒன்றை எடுத்து, சோற்றைத் தாராளமாகப் போட்டு, நல்ல துண்டுகளாகப் பொறுக்கி மேலே வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "பிள்ளையள், என்ர வயலில வாய்க்கால் கரையிலதான் கனக்க மிதிவெடி கிடந்ததாம். ஒரு ஆள்தான் அந்தக் கரை முழுக்கப் பார்த்து எடுத்ததெண்டு கிராம சேவகர் சொன்னவர். அது ஆர்? ஆரோ பெத்த பிள்ளை எனக்காண்டி முழங்காலில நிண்டிருக்குது. அந்தப் பிள்ளைக்கு இந்தச் சோத்தை என்ர கையால குடுக்கவேணும்."

பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். வாய்க்கால் கரை யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமி கோப்பையோடு முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத் தாங்கவில்லை. என்னத்தைச் செய்கிறேன் என்று யோசிக்காமலே எழுந்து, கட்டுப்போட்ட கையை நீட்டி, "நான்தான் அம்மா" என்றேன். மாமியின் முகம் மலர்ந்தது. கோப்பை என் விரலில் படுகிற நேரம்.

"அவளில்லை மாமி" என்றார் அக்கா. "நான்."

அவர் அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை. நான் வாங்கித் தின்றிருப்பேன், மாமி மகிழ்ச்சியாகப் பஸ் ஏறியிருப்பார், பொய் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும். வீடும் மகளும் கையை விட்டுப் போகலாம் என்று தெரிந்துகொண்டுதான் அந்த ஒரு சொல்லைச் சொன்னார். துணிச்சல் என்று யாராவது பேசினால், வெடிக்குப் பக்கத்தில் இருந்த அக்கா எனக்கு ஞாபகம் வருவதில்லை. இடுப்பில் அடுப்படித் துண்டோடு நின்ற அந்த அக்காதான் வருகிறார்.

"நீயோ?" "ஓம் மாமி." "எப்ப துவக்கம்?" "வந்த நாள் துவக்கம்." மாமி வேறு எதையோ கேட்க வாயெடுத்துவிட்டு, "அப்ப இந்தச் சோறு?" என்றார். "அதுவும் நான்தான்." மாமி கோப்பையை அக்காவின் கையில் வைத்து, "தின்னு" என்று மட்டும் சொன்னார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், வெயிலுக்குள், வயலைப் பார்த்தபடி பஸ் வரும்வரை நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா நிலத்தில் இருந்து, கண்ணீர் வடிய வடிய, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

சனிக்கிழமை வார விடுப்பில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டார். வாசல் திறக்குமா என்று அவருக்கே தெரியாது. ஞாயிறு பூசையில் எனக்கு மனம் நிற்கவேயில்லை. மாதாவே, அந்தக் கிழவியின் மனத்தை இளகப் பண்ணு என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா வேலைக்கு வந்து நின்றார். என் கைக்கட்டும் அன்றுதான் அவிழ்ந்தது. இறங்கமுன் ஒருவர் அங்கியின் பட்டியை மற்றவர் இழுத்துப் பார்ப்பது வழக்கம். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். கோயில் குளமென்று பெரிதாகப் பார்க்காத அந்த அக்காவின் நெற்றியில், காதிலிருந்து காதுவரை மூன்று தடித்த கோடாகத் திருநீறு.

"மாமி நேற்றுத் திருக்கேதீஸ்வரக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ" என்றார். "வழி முழுக்க ஒரு கதையில்லை. இண்டைக்கு விடிய அவதான் தட்டி எழுப்பினவ. எழும்பு, வேலைக்கு நேரம் போகுதெண்டு. இதையும் அவதான் பூசிவிட்டவ."

வெயில் ஏறினால் அந்தத் திருநீறு வேர்வையோடு கண்ணுக்குள் வடியும். துடைத்துவிடட்டோ என்று கையைக் கொண்டுபோனேன்.

"கை வைக்காதை" என்றார் அக்கா. "பின்னேரம் வரைக்கும் கிடக்கவேணுமாம்." முகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் லேனுக்குள் இறங்கினார்.