தெரியாத காட்டுல ரெண்டு சுத்து

நான் சொன்ன பொய்யிலேயே இவ்வளவு சந்தோஷத்தக் குடுத்தது வேற ஒண்ணும் இல்ல. அதனால வெக்கப்படாம எழுதுறேன்.

கரவனெல்லைக்கு மேல, ரப்பர் மலைங்க முடியிற எடத்துல எங்க தோட்டத்துப் பழைய தொரை பங்களா இருக்கு. இப்ப அது வெளிநாட்டு ஆளுங்க வந்து தங்குற ஹோட்டல். காலையில ரப்பர் பால் வெட்டிட்டு, மத்தியானத்துக்கு மேல நான் அங்க கூட்டிக் கழுவப் போவேன். விருந்தாளிங்களுக்குன்னு ஆறு சைக்கிள் நிக்குது. கிறவல் ரோட்டுல, அதான் சரளைக்கல்லு ரோட்டுல, ஓட்டுறதுக்குன்னே செஞ்சது. வளைஞ்ச கைப்பிடி, பல்லு வச்ச டயர். சேறு போகக் கழுவி வைக்கிறது என் வேலை. கழுவினா மட்டும் போதுமா, பிரேக் பிடிக்குதான்னு பாக்க வேணாமா? அப்படிப் பாத்துப் பாத்தே ஓட்டப் பழகிட்டேன், நாப்பத்தோரு வயசுல.

மேட்டுலயே இருக்குற எங்க லயத்து வீட்டு வரிசையில சைக்கிள்னு ஒண்ணை யாரும் வச்சிருந்ததில்ல, அதுலயும் பொம்பளைங்க. மொத மாசம் பாதி நேரம் பங்களா வேலியிலதான் கெடந்தேன். அப்புறம் ஒரு நாள் புல்லுத்தரையிலருந்து கேட்டு வரைக்கும் காலை ஊணாம எறங்கிட்டேன். அன்னைக்கு எனக்குத் தலைகால் புரியல. ஆக்குன கறியில உப்பே இல்ல. என் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்னுட்டு என் மூஞ்சியப் பாத்தார். "லொத்தர் சீட்டு விழுந்துச்சா?"ன்னு கேட்டார்.

பங்களா மேனேஜர் யாழ்ப்பாணத்து ஆளு. அம்பத்தஞ்சு வயசு, சட்டை மடிப்பு கலையாது. விருந்தாளிங்களக் காட்டுக்குள்ள சைக்கிள்ல கூட்டிட்டுப் போற பையன் திடீர்னு வேலைய விட்டுட்டுப் போனதும் என்னயக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்களுக்குக் காட்டுப் பாதை தெரியுமோ?"

"தெரியும் சேர். கண்ண மூடிக்கிட்டுப் போவேன்."

வாய் கொழுப்பு. வேற என்ன சொல்ல. தோட்டத்து எல்லைக் கானை, தண்ணி ஓட வெட்டின வாய்க்கால, தாண்டினா அரசாங்கம் காவல் போட்ட காடு. அந்தக் கான் ஓரமா இருவது வருஷம் பால் வெட்டியிருக்கேன். ஒரு நாள் அந்தப் பக்கம் கால் வச்சதில்ல. நான் மட்டுமில்ல, எங்க லயத்துல யாருமே போனதில்ல. எங்களுக்கு அங்க வேலை கெடையாது, அவ்வளவுதான்.

"சனிக்கிழமை ஒரு சோடி வருகினம்"ன்னார் மேனேஜர். "மலையைச் சுத்திப் போய், நீர்வீழ்ச்சியைப் பாத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேணும். சரியாச் செய்தியள் எண்டால் இந்த வேலை உங்களுக்கு. பிழைச்சுது எண்டால் கொழும்பில இருந்து ஆள் எடுப்பன். பிறகு சைக்கிளைத் தொட வேண்டாம். பிரேக் பாக்கிற கதையும் வேண்டாம்."

மனுசன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார். வேலை போனாப் போகட்டும், கைவசம் வேற வேலை இருக்கு. ஆனா சைக்கிளத் தொடக் கூடாதுன்னாரு பாருங்க, அதுக்காகவே சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில பால் வெட்டுக்கு லீவு சொல்லிட்டு, மகனோட வெளையாட்டுக் கால்சட்டைய மாட்டிக்கிட்டு, அட்டைப்பூச்சி ஏறாம இருக்கக் கால்ல சோப்பைத் தேச்சுக்கிட்டுப் போய் நின்னேன். வந்த புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் தலை பூரா நரைச்சிருந்துச்சு, காலு மட்டும் கம்பியாட்டம். அந்த அம்மாவுக்கும் இங்கிலீசு கொஞ்சம், எனக்கும் கொஞ்சம், கையும் சேந்து பேசினதால புரிஞ்சுச்சு. அவங்க ஊர்லயும் இப்படி மலைக் காட்டுலதான் ஓட்டுவாங்களாம். ஆனா அங்க எல்லாம் மணற்கல்லு, கையால தேச்சா மணலு ஒட்டுமாம். இங்க கரும்பாறை. மழையில நனைஞ்சு, குளிச்ச எருமை மாதிரி பளபளன்னு கெடந்துச்சு. அந்த அம்மா எறங்கி ஒரு பாறையத் தேச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் ஒட்டல. அதுக்கே அப்படி ஒரு சிரிப்பு. இவங்களோட ஒத்துப்போகும்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

கானுக்கு மேல போட்டிருந்த பலகைய டயர் தாண்டினப்ப ஒடம்பு சிலுத்துப் போச்சு. உள்ள போனா ஒரே இருட்டுப் பச்சை. நூறு அடி போறதுக்குள்ள பாதை ரெண்டாப் பிரிஞ்சுச்சு. காலை ஊணி நின்னுட்டேன். அப்பத்தான் எடது பக்கத்து மரத்துல வெள்ளப் பெயிண்டு வளையத்தப் பாத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அதுக்கப்புறமும் ஒண்ணு.

எங்க வேலையில ஆளுக்கு ஒரு பங்கு மரம். பங்கு எதுவரைக்கும்னு தெரிய, ஓரத்து மரத்துக்கெல்லாம் வெள்ள வளையம் போட்டிருப்பாங்க. புதுப் பங்குக்கு மாத்தினாலும் பயமில்ல. வளையத்தப் பாத்துக்கிட்டே நடந்தா வழி தவறாது. காட்டுலயும் அதே வளையமான்னு பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. "ஹரி, ஹரி", அதான் சரி சரின்னு, சிங்களத்துல சொல்லிக்கிட்டே முன்னால விட்டேன் பாருங்க.

சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு ஓட்டம். கல்லு டயருக்கடியில பொரியுது. எறக்கம் வந்தா மரமெல்லாம் பின்னால பறக்குது. மலையேறி மலையேறிப் பாலு வெட்டினதுல எனக்குக் காலு சலிக்காது. அவங்க ரெண்டு பேரும் பின்னால மூச்சு வாங்க, நான் பாட்டுப் பாடிக்கிட்டு ஏறுறேன். அந்த அம்மா, "நீங்க தெனமும் வருவீங்களா?"ன்னு கேட்டாங்க. "தெனமும்"ன்னேன். பொய்யி சரளமா வந்துச்சு.

ஒண்ணரை மணி நேரம் போயிருக்கும். நடுவுல பிளந்த பாறை ஒண்ணு வந்துச்சு. இந்த மாதிரிப் பாறைய முன்னயும் ஒரு தடவை பாத்தமேன்னு நெனச்சேன். பாறைங்க எல்லாம் ஒண்ணு மாதிரித்தானே இருக்கும்னு சமாதானமும் சொல்லிக்கிட்டேன். கீழ சேத்துல மூணு சைக்கிள் போன தடம் இருந்துச்சு. புதுத் தடம்.

அந்த ஐயா சைக்கிள் கைப்பிடியில ஒரு சின்னப் பொட்டி மாட்டியிருந்தார், போற வழிய அதோட திரையில கோடாக் காட்டும். எங்கிட்ட அதைக் காட்டினார். வளையல் மாதிரி அழகா ஒரு வட்டம். "ரொம்ப நல்லா இருந்துச்சு. மொத்தம் எத்தனை சுத்து போவோம்?"ன்னு மரியாதையாக் கேட்டார்.

அப்பத்தான் என் மண்டையில ஒறச்சுச்சு. தோட்டத்து வளையம் பங்கைச் சுத்தித்தானே போகும்? பொறப்பட்ட எடத்துக்குத்தானே கொண்டு வந்து விடும்? இருவது வருஷமா தெனமும் அப்படித்தானே சுத்துறேன்? இந்தக் காட்டு இலாகாக்காரங்களும் மலையச் சுத்தி எதுக்கோ அடையாளம் போட்டிருக்காங்க. நானும் செக்கு மாடாட்டம் சுத்திட்டு வந்து நிக்கிறேன்.

இன்னொரு பொய்யி வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நரைச்ச தலையோட, சேறும் வேர்வையுமா, என்னய நம்பி நிக்கிறாங்க ரெண்டு பேரும். காட்டுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?

"எனக்கு வழி தெரியாது"ன்னேன், இருந்த இங்கிலீசுல. "மொத தடவை."

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்த அம்மா நெஞ்சுல கைய வச்சு, "எங்களுக்கும் மொத தடவை"ன்னாங்க. அப்புறம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். எனக்கு அடக்கவே முடியல, சைக்கிளப் போட்டுட்டு சேத்துல உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு அட்டை என் கழுத்துல ஏறி நல்லாக் குடிச்சுட்டுப் போச்சு, அதுகூடத் தெரியல.

ரெண்டாம் சுத்துல வளையத்தப் பாக்கல, மூணு பேரும் காதைத் தீட்டிக்கிட்டுப் போனோம். தண்ணிச் சத்தம் மொதல்ல அந்த அம்மாவுக்குத்தான் கேட்டுச்சு. அந்தப் பக்கமா ஒரு கிறவல் எறக்கம், நெட்டுக்குத்தா. நான் முன்னால போனேன். பாதி தூரத்துல, என்ன வந்துச்சோ, ரெண்டு பிரேக்கையும் விட்டுட்டேன். காத்து சட்டைக்குள்ள பூந்து முதுகு புடைக்குது, கண்ணு கரைஞ்சு ஓடுது, நான் கத்துறது எனக்கே கேக்கல. இதுதான் கடைசித் தடவைன்னா இப்படியே போய்ச் சேருவோம்னு நெனச்சேன். கீழ நீர்வீழ்ச்சித் தண்ணிக்குள்ள முன் சக்கரம் போய்த்தான் நின்னுச்சு.

பங்களாவுக்கு வந்தப்ப மூணு மணி தாண்டிருச்சு. மேனேஜர் கேட்டுல நிக்கிறார், கையில கட்டின மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு. அந்த அம்மா அவசரமா எறங்கி, நாங்கதான் ரெண்டு சுத்து கேட்டோம், எங்களாலதான் லேட்டுன்னு ஆரம்பிச்சாங்க. என்னயக் காப்பாத்தப் பாக்குறாங்க. அப்படியே விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா நாளைக்கு வேற யாரையாவது இப்படிக் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சுட்டேன்னா? இந்த வேலை வேணும்னுதான் பொய் சொன்னேன். வேணும்கிறதாலதான் உண்மையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

"சேர், எனக்குப் பாதை தெரியாது. கானுக்கு அந்தப் பக்கம் இன்னைக்குத்தான் போனேன். வழி தவறிட்டேன்."

அவர் என் கால்சட்டைச் சேத்தைப் பாத்தார். கழுத்துல வழிஞ்ச ரத்தத்தப் பாத்தார். சைக்கிளப் பிடிச்சிருந்த கையை நான் எடுக்கவே இல்ல.

"இப்ப தெரியுமோ?"

"தெரியும் சேர்."

அந்தச் சோடி உள்ள போற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னார். அப்புறம் கொரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னார்: "செவ்வாய்க்கிழமை நாலு பேர் வருகினம். அதுக்கு முதல் என்னையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. ஆறு வருஷமா நானும் காட்டுப் பாதை தெரியும் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன்."