சிரிப்பு வராத கேள்வி-பதில்

அந்தச் சிரிப்புப் பத்திரிகைக்கு நான் மொத்தம் பதினோரு முறை எழுதி அனுப்பினேன். ஒன்றே ஒன்றைப் போட்டார்கள். மனைவியின் சமையலுக்குப் பயந்து கணவன் ஆபீசிலேயே படுத்துக்கொள்ளும் துணுக்கு அது. சுத்தப் பொய். என் மனைவி குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் நீளும். அச்சில் வந்ததைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் எனக்கு வெறும் கஞ்சி ஊற்றினாள். "நீங்க எழுதினது பொய்யாப் போயிடக் கூடாதுல்ல?" என்றாள். எங்கள் வீட்டில் நையாண்டி யாருக்கு வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் இருவருமே ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தோம். நான் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால். அவள் பேஸ்டிங் டேபிளில், தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. அந்தப் பசையின் நெடியை வெளியே தள்ள டேபிளுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் நின்றது, ஆடி பிறந்தும் ஓடவில்லை. தினமும் சாயந்திரம் அவளுக்குத் தலைவலி. வாரத்தில் இரண்டு நாள் வாந்தி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "காத்தோட்டமான எடத்துல வேலை பாரும்மா" என்று அனுப்பினார். சூப்பர்வைசரிடம் மூன்று தடவை ஃபேனைப் பற்றிச் சொன்னாள். "எழுதிப் போட்டிருக்கேன்மா" என்பான். எதில் எழுதினானோ, தண்ணீரில்தான் எழுதியிருப்பான்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் பதினோராவதை எழுதினேன். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிக்கத் தன் ஆடிட்டரை அனுப்புகிறான் என்றால் எங்கள் கம்பெனிக்குக் கல்யாணக்களை வந்துவிடும். புது மாஸ்க், புது கையுறை, கக்கூஸில் வாசனை சோப்பு. ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் அத்தனையும் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். தொழிலாளிகள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எச்.ஆர். மேனேஜர் வகுப்பு எடுப்பார். அந்த வகுப்பையே கேள்வி-பதிலாக்கிக் கிண்டலடித்தேன்.

"கழிப்பறைக்குப் போக விடுவார்களா? வற்புறுத்தி அனுப்புகிறார்கள். ஓவர்டைம் உண்டா? நாங்கள் கேட்டாலும் மேனேஜர் மனம் இரங்குவதில்லை. பசை நெடியால் தொந்தரவு உண்டா? ஒரு தொந்தரவும் இல்லை. தலைவலி வருமா? வீட்டில் வரும், கம்பெனிக்குள் வந்ததும் போய்விடும்."

பத்திரிகையிலிருந்து மறுவாரமே மெயில் வந்தது. "நகைச்சுவை போதாது. நோட்டீஸ் போர்டு படிப்பதுபோல் உள்ளது. குடும்ப ஜோக் இருந்தால் அனுப்பவும்." படுபாவி! மாமியார் வழுக்கி விழுந்தால் போடுவான், மருமகள் மயங்கி விழுந்தால் போட மாட்டான். அன்று முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே, மனைவிக்குப் படித்துக்காட்ட ஆபீஸ் பிரிண்டரில் இரண்டு பிரதி எடுத்தேன். அவசரத்தில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தத் தாள். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"இது நீ டைப் பண்ணதாப்பா?"

"ஆமா சார்."

"பிரமாதம்பா! ஆடிட்டர் வர்றாங்கன்னு ஒரு வாரமா இதுக்குத்தான் மண்டைய ஒடச்சிக்கினு இருக்கேன். தலைவலி மேட்டர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, கம்மி பண்ணிடு. மத்ததெல்லாம் அப்படியே ஜெராக்ஸ் போட்டு லைனுக்குக் குடுத்துடலாம்."

அது கேலி சார், உங்களைத்தான் சார் கேலி செய்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லாததுகூடப் பெரிதில்லை. பிரமாதம் என்று அந்த ஆள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பதினோரு முறை எழுதியதில் யாரும் சொல்லாத வார்த்தை. வெட்கங்கெட்ட மனசு!

தாள் லைனுக்குப் போனது. லைனில் வேலை செய்யும் பெண்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தார்கள். என் மனைவி அதை மடித்து எடுத்துவந்து சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கத்திய நல்லா தீட்டி அவங்க கையில குடுத்துட்டு வந்திருக்கீங்க. நான் இத மனப்பாடம் பண்ண மாட்டேன். ஆடிட்டர் கூப்ட்டா நெஜத்தச் சொல்லப் போறேன். ரிப்போர்ட்ல ஒரு வரி வந்தா போதும், பையர் சும்மா விட மாட்டான், ஃபேன் ஓடும்."

"சொல்லு," என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். பேசப் போவது அவள்தானே.

ஆடிட்டர் தமிழ் தெரியாத ஒரு வடக்கத்திய அம்மா. மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று காலையில் போன் வந்தது. எச்.ஆர். மேனேஜர் என்னை அறைக்குள் தள்ளினார். "உன் பேப்பர்ல இருக்கறதத்தான் பேசப் போறாளுங்க. உனக்கு இன்னா கஷ்டம்?" என்று காதோடு சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் உலாத்துவது தெரிந்தது.

ஆறு பெண்கள் வந்தார்கள். ஆறு பேரும் என் வரிகளை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஏழாவதாக அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

பசை நெடியால் தொந்தரவு உண்டா என்று ஆடிட்டர் கேட்டார். மடியில் கை வைத்து, குரலை உயர்த்தாமல், ஒன்று விடாமல் சொன்னாள். நின்றுபோன ஃபேன், தலைவலி, வாந்தி, டாக்டர் சொன்னது, சாயந்திரம் பிடுங்கிக்கொள்ளப் போகும் கையுறை. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆடிட்டரும் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன்.

"நோ ப்ராப்ளம், மேடம்," என்றேன்.

ஆடிட்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு டிக் அடித்தார். என் மனைவி எழுந்து, இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றாலும் அந்த அளவு இங்கிலீஷ் அவளுக்குப் புரியும்.

சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் பெண்களோடு உட்கார்ந்தாள். அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி கேட்டாள்: "இன்னாக்கா, ஆடிட்டர் அம்மாகிட்ட உங்க வூட்டுக்காரரே இங்கிலீஷ்ல பேசினாராமே?"

"ஆமாடி," என்றாள் என் மனைவி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "எங்க வூட்டுக்காரருக்கு இங்கிலீஷ் சூப்பரா வரும். நாலு நிமிஷம் நான் பேசினத மூணே வார்த்தையில சொல்லி முடிச்சிட்டாரு."

பெண்கள் அத்தனை பேரும் மரியாதையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன்.